எண்பத்து மூன்று சதவீதம் அக்கா

அத்தியாயம் ஒன்பது

ஆபீஸில் அவன் பெயர் ரேடியோ. வீட்டில் தம்பி. வயது இருபத்து நான்கு. இந்தக் கணம் அவன் உட்கார்ந்திருப்பது ஏழாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில். பெற்றவர்களை விட்டுவிட்டு அக்கா வீட்டில் வந்து ஒண்டி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் வம்பில்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் உறுதி. அதுவரை மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறான்.

ரேடியோ என்ற பட்டம் சும்மா வரவில்லை. தட்டச்சுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். நிரல் எழுத உதவும் ஏஐ உதவியாளரிடம் எதைக் கேட்டாலும் வாயால்தான் கேட்பான். அவன் பேசப் பேச அது எழுத்தாகி உள்ளே போகும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியும் அப்படித்தான். அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் அக்காவின் கணவர், அத்தான். வாய் இருக்கும்போது விரலை எதற்கு வருத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

கம்பெனியின் வேலை லிஃப்ட். லிஃப்டைச் செய்வதல்ல, எந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க யாரை எப்போது அனுப்புவது என்று முடிவு செய்யும் மென்பொருள். அங்கே வேலை செய்யும் எல்லாரும் உதவியாளரோடு பேசிய அத்தனை பேச்சும் சேமிப்பில் மலைபோல் குவிந்து கிடந்தது. ஒன்றே பத்து இடத்தில் கிடக்கும் குப்பையைக் கண்டுபிடித்துக் கொடு என்று அந்த மலையை ரேடியோவின் தலையில் இறக்கியதும், போன வாரக் கடைசியில் அந்த மலைக்குள்ளிருந்து அவனுடைய சொந்த அக்காவே எழுந்து வந்து திரையில் நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அதை அவன் இன்று காலையும் படித்தான்.

"யாரு இந்த பென்சில் டப்பாவ வாஷிங் மெஷினுக்குள்ள போட்டது. ரெண்டு ஆம்பளைங்க வீட்டுல இருக்கீங்க. ஒருத்தராவது துணிய ஒதறிப் போட்டீங்களா."

அவன் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு புதன்கிழமை அது. கூடத்தில் உட்கார்ந்து உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நடைவழியில் நின்று அக்கா போட்ட சத்தத்தையும் மைக் விழுங்கிவிட்டது. உதவியாளர் பாவம், மிகுந்த மரியாதையோடு, பென்சில் டப்பா என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை, உருவாக்கட்டுமா என்று கேட்டிருந்தது.

அதுவரை சிரிப்புதான். சிரிக்க முடியாமல் செய்தது பக்கத்துக் கட்டம்.

அதே பேச்சு, நடுவில் ஓரிரு சொல் குறைந்து, இன்னொருவர் கணக்கிலும் பதிந்திருந்தது. அதே புதன்கிழமை. அதே நேரம். கணக்கின் பெயர் 'வெளி-17'. கம்பெனிக்கு வெளியே இருந்து ஒப்பந்தத்தில் வேலை செய்யும் யாரோ ஒருவருக்குக் கொடுத்தது. ரேடியோ அந்த ஆளைப் பார்த்ததே இல்லை.

பார்த்திராத ஆளின் மைக்கில் அக்கா எப்படிக் கத்துவாள்?

தேடும் முறை சுலபமானது. ஒவ்வொரு பேச்சையும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை எடுப்பது போல ஓர் எண்ணை எடுத்து வைத்துக்கொள்வது. அதே ரேகை வேறு எங்கே பதிந்திருக்கிறது என்று பார்ப்பது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது முதல் சலிப்பிலேயே சிக்கிவிடும். கொஞ்சம் முன்பின்னாக இருப்பதைப் பிடிக்கத்தான் சல்லடை வேண்டும். நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால் போதும், பட்டியலில் ஏற்று என்பது உத்தரவு. அக்கா எண்பத்து மூன்றில் சிக்கியிருந்தாள்.

உத்தரவு போட்டவர் பிரிவுத் தலைவி. ஆபீஸில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அறிக்கை, கூட்டம், விடுமுறை, எது கைக்குப் போனாலும் பாதியாக வெட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். காலை பத்து மணி வாக்கில் ரேடியோவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரே ஆள் ஒரே கேள்வியைப் பத்து தரம் கேட்டிருந்தால் அது அவருக்கு வேண்டாமாம்.

"ரெண்டு ஆளோட கணக்குல ஒரே பேச்சு இருக்கா, அது எனக்கு மேல வரணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

ரேடியோ தலையாட்டினான். தலையாட்டிய பிறகுதான் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்டான்.

கத்தரிக்கோல் குரலைத் தாழ்த்தவில்லை. "வெளி ஆளுங்க கணக்கு ஒண்ண ரெண்டு கை தொடுது. ஒருநாள் ஒரே நேரத்துல ரெண்டு ஊர்லேர்ந்து வேலை நடந்திருக்கு. கையெழுத்து போட்டவன் ஒருத்தன், உள்ள உக்காந்திருக்கறவன் இன்னொருத்தன். உள்ள இருக்கற யாரோதான் உதவி பண்றாங்க. யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய."

அவர் போன பிறகு பக்கத்து மேசைப் பெண் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். எந்நேரமும் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு இருப்பதால் அவளுக்குத் தெர்மாஸ் என்று பெயர். அவனைவிட ஒரு வயது பெரியவள். அவனைப்போலவே வேறெங்கிருந்தோ வந்தவள். "என்ன ரேடியோ, ஸ்டேஷன் கிடைக்கலியா? காலைலேர்ந்து ஒரே அமைதி," என்றாள். தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான். உடனே ஒரு டம்ளர் வெந்நீர் வந்தது.

வெந்நீரைக் கையில் பிடித்தபடியே வெளி-17இன் பேச்சைத் திறந்தான். படித்தே தீர வேண்டும் என்றும் இருந்தது, படிக்காமல் மூடிவிட வேண்டும் என்றும் இருந்தது.

அக்காவின் பேச்சைக் கேட்ட அங்குள்ள உதவியாளர், இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வேண்டிய இயந்திரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்று பணிவோடு சொல்லியிருந்தது. அதற்கு அந்தப் பக்கத்து ஆள் சொன்ன பதிலை ரேடியோ இரண்டு தரம் படித்தான்.

"இங்க பாருப்பா. அது என் சம்சாரம். அவ சொல்றதையெல்லாம் செய்யணும்னா எனக்கே நேரம் பத்தாது. நீ லிஃப்ட்ட மட்டும் பாரு."

இங்க பாருப்பா. டாக்ஸி டிரைவரிடமும் அத்தான் அப்படித்தான், டிவி ரிமோட்டிடமும் அப்படித்தான். உலகத்தில் வேறு யாரும் ஒரு மென்பொருளை அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

அன்று படுக்கையறையில் கதவை ஒருக்களித்துவிட்டு அத்தான் வேலை செய்துகொண்டிருந்தது ரேடியோவுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சொந்த ஆபீஸ் வேலை என்றுதான் நினைத்திருந்தான். மற்ற நாளெல்லாம் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வேறு எந்த வேலை செய்வார் என்று நினைப்பது?

சாப்பாட்டு நேரத்தில் அவன் சாப்பிடவில்லை. மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், யாரும் வராத படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். அத்தான் எங்கே என்று கேட்டான். ஆபீஸில் என்றாள்.

"எந்த ஆபீஸ்லக்கா?"

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் அவளே கொட்டினாள். அத்தானுடைய கம்பெனி ஒரு பிரிவையே மூடி நாலு மாதம் ஆகிறது. வேறு வேலை கிடைக்கவில்லை. வேலை போனதைச் சொன்னால் தங்கும் அனுமதி போய்விடும். அவருடையது போனால் அக்காவுடையதும் குழந்தையுடையதும் சேர்ந்து போகும். பழைய சிநேகிதர் ஒருவர் தன் கணக்கைத் திறந்து கொடுத்து, என் வேலையில் பாதியை நீ செய் என்றார். அந்தக் கணக்கு தம்பியின் கம்பெனியுடையது என்று தெரிந்தபோது மூன்று நாள் தூக்கமில்லை. ஆனாலும் விட முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீயும் சேர்ந்து பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொல்லவே வராதுடா. சின்ன வயசுலேயே காது செவந்து மாட்டிக்குவே."

அவன் விஷயத்தைச் சொன்னான். வாஷிங் மெஷின், பென்சில் டப்பா, எண்பத்து மூன்று, ஐந்து மணி. அக்காவுக்குப் பாதி புரியவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையால் தன் வீடு மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற பாதி மட்டும் நன்றாகப் புரிந்தது. பிறகு, ஒரே ஒரு வரிதானே, அதை எடுத்துவிடேன் என்றாள். கெஞ்சிப் பழக்கமில்லாதவள் கெஞ்சினால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. அவளுடைய வளையலை அடகு வைத்துத்தான் அவன் விமான டிக்கெட் வந்தது. அதை அவள் சொல்லிக் காட்டியதே இல்லை. இன்றும் சொல்லவில்லை.

ஃபோன் கை மாறியது. அத்தான் வீட்டில்தான் இருந்தார்.

அவர் பதறவில்லை. அதுதான் ரேடியோவை இன்னும் பயமுறுத்தியது. ஒரு நல்ல டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். சல்லடை எத்தனையில் இருக்கிறது, யார் வைத்தது, மாற்றினால் யாருக்குத் தெரியும். பிறகு சொன்னார்.

"இங்க பாரு மச்சான். எதையும் அழிக்காத. அழிச்சா தடம் நிக்கும். சல்லடைய எண்பதுலேர்ந்து தொண்ணூறா ஏத்து. இது தானா கீழ விழுந்துடும். கேட்டா, எண்பதுல குப்பை ஜாஸ்தி வருதுன்னு சொல்லு. அது உண்மையும்கூட. நீ பொய்யே சொல்லல."

கச்சிதமான யோசனை. அத்தான் வேலையில் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ரேடியோ மேசைக்குத் திரும்பினான். எண்பது என்று இருந்த இடத்தில் தொண்ணூறு என்று போட்டான். இந்த ஒரு எண்ணை மட்டும் விரலாலேயே தட்டினான்.

பட்டியல் மளமளவென்று சுருங்கியது. ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டியவை தங்கின. உதவியாளருக்கு எல்லாரும் முதல் வரியாக வைக்கும் அதே அறிவுரை வாசகங்கள் வேறு தலைப்பில் தங்கின. அக்கா போய்விட்டாள். வாஷிங் மெஷின் போய்விட்டது. அவனுக்கு உடம்பே லேசானது. ஃபிளாஸ்க்குக்காகக் கைநீட்டினான்.

அப்போதுதான் மேலே பார்த்தான்.

இரண்டு ஆளின் கணக்கில் ஒரே பேச்சு என்ற தலைப்பின் கீழ் இப்போது ஒரே ஒரு வரிசைதான் மிச்சம். ஒரு பக்கம் வெளி-17. மறுபக்கம் தெர்மாஸ். நூற்றுக்கு நூறு. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது அவன் கண்ணில் படவே இல்லை.

திறந்து பார்த்தான். ஒரே லிஃப்டுக்கு இரண்டு பழுதுபார்ப்பவர்கள் கிளம்பிவிடுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை என்று ஒரு நீளமான கேள்வி. புள்ளிக்குப் புள்ளி, இரண்டு கணக்கிலும் ஒன்று.

சும்மா கேட்பது போல அவளிடமே கேட்டான். தெர்மாஸுக்கு உடனே நினைவு வந்தது. எல்லாரும் செய்தி போடும் பொதுக் குழுவில் அந்த வெளி ஆள் ரெண்டு நாளாக அந்தக் கேள்வியைக் கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தாராம், யாரும் பதில் போடவில்லையாம். பாவமாக இருந்ததால் அப்படியே எடுத்துத் தன் உதவியாளரிடம் ஒட்டி, வந்த விடையை அனுப்பினாளாம். "உயிர் கொடுத்த தெய்வமேன்னு பதில் போட்டாரு. யாரோ வயசானவர்போல," என்று சிரித்தாள்.

அத்தானுக்கு நாற்பத்தொன்று.

ரேடியோவும் சிரிக்கப் பார்த்தான். கத்தரிக்கோல் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது அவனுக்கு எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. உள்ளே இருக்கும் யாரோ உதவுகிறார்கள் என்றாரே, அந்த யாரோ இதோ. எண்பதில் வைத்தால் பட்டியலில் இரண்டு வரிசை. வெளி-17இல் உட்கார்ந்திருந்தவர் யார் வீட்டுக்காரர் என்று அக்காவின் சத்தமே சொல்லிவிடும். தொண்ணூறில் வைத்தால் ஒரே வரிசை, ஒரே பெயர். அந்தப் பெயர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை தன் அனுமதியைப் புதுப்பிக்கப் போக என்ன சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் படிக்கட்டு. மறுபடியும் அத்தான். இந்தத் தடவை அவன் வேகமாகப் பேசினான், மூச்சு விடாமல் பேசினான். அத்தான் முழுதும் கேட்டுக்கொண்டார். அவருக்கும் தெர்மாஸை நினைவிருந்தது. நல்ல பொண்ணு என்றார்.

"அவளுக்கு ஒரு விளக்கம் இருக்கு மச்சான். சொல்லித் தப்பிச்சுக்குவா. நமக்கு என்ன விளக்கம் இருக்கு?"

"நம்பலைன்னா?"

"அவ யாரு உனக்கு?"

யாருமில்லைதான். அத்தானின் குரலில் கோபம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. மூழ்குகிறவன் எட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அந்தக் கை யாருடையது என்று மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறான்.

பின்னாலிருந்து அக்கா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள், எந்தப் பொண்ணு என்று கேட்டாள். ஃபோன் துண்டிக்கப்பட்டது.

நாலரை மணி இருக்கும். ரேடியோ தொண்ணூறை அழித்து எண்பது என்று போட்டான்.

அக்கா திரும்பி வந்தாள். பென்சில் டப்பாவோடு, துணியை உதறாத இரண்டு ஆம்பளைகளோடு, முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. மனசுக்குள் ஊர் வரைக்கும் போய் அம்மாவிடம் நின்று, அவளிடமும் ஒன்றும் சொல்ல முடியாமல் திரும்பி வந்தான்.

பட்டியலைக் கத்தரிக்கோலுக்குத் தனியாக அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. எல்லாக் கணக்கும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொதுத் தாளில்தான் போட வேண்டும். தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மூடி வைத்தால்தான் புழு வைக்கும் என்பார் அவர். ரேடியோ இரண்டு வரிசையையும் அதில் ஏற்றினான். முதல் வரிசைக்கு எதிரே இருந்த குறிப்புக் கட்டத்தில், இந்தப் பெண் செய்தது உதவி மட்டுமே, பொதுக் குழுவைப் பார்த்தால் தெரியும் என்று எழுதினான். இரண்டாவது வரிசையின் கட்டம் காலியாக இருந்தது. அங்கே என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தாளின் மேல் மூலையில், இப்போது யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சின்ன வட்டங்கள் தெரியும். ஒரு வட்டம் அவன். இன்னும் கத்தரிக்கோல் வரவில்லை.

இரண்டாவது வட்டம் ஒன்று முளைத்தது.

வெளி-17.

அத்தானா? கணக்குக்குச் சொந்தக்காரரான அந்தச் சிநேகிதரா? வட்டத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வெளி-17 எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆரஞ்சு நிறச் சின்னக் கட்டம் ஒன்று தாளுக்குள் நகர்ந்தது. முதல் வரிசையில் கொஞ்சம் நின்றது. தெர்மாஸைப் பற்றி அவன் எழுதியதைப் படித்திருக்க வேண்டும். பிறகு ஒரு படி இறங்கி, அக்காவின் வரிசையை முழுசாகச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றது.

ஒரு தட்டல். ஒரே ஒரு தட்டலில் அந்த வரிசை போய்விடும். அழித்தது ரேடியோ இல்லை என்றாகிவிடும். கைகட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த எண்ணம் வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

கத்தரிக்கோலின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தட்டச்சு செய்ய நேரமில்லை. காலையிலிருந்து அணைத்து வைத்திருந்த மைக்கை அழுத்தினான். தெர்மாஸ் திரும்பிப் பார்த்தாள். எதிர் வரிசையில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. அவன் சத்தமாகவே பேசினான். பேசியது அந்தக் காலிக் கட்டத்தில் எழுத்தாக விழுந்தது.

"இதுல கேக்கற குரல் என் அக்காவோடது. ரெண்டு மைக்கும் எங்க வீட்டுலதான் இருந்துது. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன், அவரே வந்து சொல்லணும். இத இப்ப படிக்கறது யாரா இருந்தாலும் சரி, தயவுசெஞ்சு இந்த வரிசைய அழிக்காதீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன். நேர்ல வாங்க."